மடிப்புக்குள் போன முகம்

துணி வந்த அன்று அதை மூன்று முறை அலசினேன். முதல் முறை கஞ்சி போக, இரண்டாவது முறை நோய் போக. மூன்றாவது முறை எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு முறை போதுமா என்று ஒரு கேள்வி வந்துவிட்டால், அதன் பிறகு அலசாமல் என்னால் உட்கார முடியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றதும் இந்த மாதிரி ஒரு கேள்வியால்தான். கதவைச் சரியாகப் பூட்டினேனா என்று பாதி வழியில் தோன்றும், திரும்பி ஓடுவேன். வாரத்தில் மூன்று நாள் முதல் பாடம் எனக்கு வெளியே நின்றபடிதான் நடந்தது. ஒரு நாள் போகாமலே இருந்துவிட்டேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. தையல் மிஷினுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

துணி மாமல்லபுரத்திலிருந்து வந்தது. கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பை, குர்தா, படுக்கை விரிப்பு விற்கிற கடை ஒன்று உண்டு. ஆறேழு வருடமாக அந்தக் கடைக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்துவந்தேன். கொரோனா வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வரவில்லை, பையும் நின்றுபோனது. ஆனால் அந்தக் கடை மேடம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பஸ் விட ஆரம்பித்த கொஞ்ச நாளில் போன் வந்தது.

"எல்லாரும் பூப்போட்ட மாஸ்க் போடறாங்க. நாம தெருவைப் போடலாம். தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி உங்க ஊர்ல சுத்தி போட்டோ எடுத்திருக்கா. அதைத் துணியில பிரிண்ட் போட்டு அனுப்பறேன். மூணு மடிப்பு, காதுக்கு எலாஸ்டிக், மூக்குக்குக் கம்பி. முடியுமா?"

முடியும் என்றேன். பை தைத்த கைக்கு மாஸ்க் ஒன்றும் பெரிய வேலை இல்லை.

துணியைக் காயவைத்து விரித்தால் செங்கல்பட்டு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. ஒரு கட்டம் ஒரு மாஸ்க்குக்கு. நாலு விதமான படங்கள். பாலத்துக்கு மேல் மின்சார ரயில், பஸ் ஸ்டாண்டில் குவித்த வாழைத்தார், ஒரு மஞ்சள் ஆட்டோவின் முதுகு, சிவப்புத் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. எல்லாம் நான் தினம் பார்ப்பதுதான், துணியில் பார்க்கும்போது மட்டும் யாரோ வசதியானவர்கள் வாழ்கிற ஊர் போல் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அறுபது. வெட்டும்போது வீணானால் இருக்கட்டும் என்று மேடம் ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம் கூட அனுப்பியிருந்தார்.

டீக்கடைப் படத்தை வெட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது கட்டத்தில் கத்தரி போய்க்கொண்டிருந்தபோது ஒரு சுண்டுவிரலைப் பார்த்தேன்.

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெண் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல் எப்படி மடங்காமல் போனது என்று எனக்குத் தெரியும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பேக்கிங் கம்பெனியில் வேலை செய்தபோது மிஷினில் மாட்டியது. என் அக்கா.

கத்தரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. அந்தக் கட்டம் தோள்பட்டைக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டது.

அக்கா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்காரர்கள் போடுகிற நீலக் கோட்டு. அவளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்.

இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். அப்போது இருந்தது. பேக்கிங் கம்பெனி ஊரடங்கில் மூடியதும், அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தாள். கொரோனா வார்டில் தரை துடைப்பது, வாளி எடுப்பது. மாமா போய்ப் பல வருடம். மகளை செய்யூர் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பதினொரு வருடமாக எங்கள் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரே அறையில் குடியிருந்தாள். குழாய் வீட்டுக்கார அம்மாவுக்கும் அவளுக்கும் பொது. அதே தெருவில் ஒரு நர்ஸம்மாவை ஒரே நாளில் காலி பண்ணச் சொல்லி, அந்தம்மா ஸ்டவ்வும் பெட்டியுமாக ரோட்டில் நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதனால் அக்கா வீட்டுக்கார அம்மாவிடம் கம்பெனி மாறியதைச் சொல்லவே இல்லை. அதே நேரத்துக்குக் கிளம்புவாள், அதே டிபன் பை. ஆஸ்பத்திரியில் குளித்து, கோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் புடவையில் திரும்புவாள். "இன்னாமா, கம்பெனி ஓடுதா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டால், "ஓடுதுமா" என்பாள். அவ்வளவுதான் பொய்.

அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவள் அறை நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

நான் மட்டும் என்ன பெரிய தைரியசாலி. ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வருவாள். வீட்டுக்குள் இல்லை, காம்பவுண்டுச் சுவர் வரைக்கும். நான் தட்டில் சோறு போட்டு சுவர் மேல் வைத்துவிட்டு எட்டு அடி பின்னால் போய் நிற்பேன். அவள் நின்றபடியே சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அதன் மேல் நான் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவேன்.

"நான் இன்னும் சாவலடி. காக்காவுக்கு வெக்கிற மாரி வெக்கிற" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். "உன்ன பாத்தா கொரோனாவே பயந்துகினு ஓடிடும்" என்பார். அவருக்கு என்ன, ஒரு மாஸ்க் போடுகிற ஆள். நான் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டு, அதன் மேல் முந்தானையையும் சுற்றுகிறவள்.

வெட்டுப்பட்ட துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்குப் போன் போட்டு இந்தப் படம் வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும். அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் தூக்கம் போகும், ஒருத்தி தூங்காமல் இருப்பது போதாதா? இப்படி யோசித்துக்கொண்டே விரலால் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது தோன்றியது.

மூன்று மடிப்பு வைக்க வேண்டும். மடிப்பு எங்கே விழவேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. நடு மடிப்பைக் கால் அங்குலம் மேலே ஏற்றினால் அக்காவின் முகம் மடிப்புக்குள் போய்விடும். அடுத்த மடிப்பைக் கொஞ்சம் இறக்கினால் கோட்டும் ஆம்புலன்ஸும் போய்விடும். சிவப்புத் தார்ப்பாயும் பாய்லர் ஆவியும் மட்டும் மிஞ்சும்.

குண்டூசி குத்தி ஒன்று தைத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டேன். அக்கா இல்லை. சுத்தமாக இல்லை. என் வாழ்க்கையில் ஒரு கவலையைக் கையால் மடித்து உள்ளே தள்ளியது அது ஒன்றுதான். இரண்டு நாளில் எல்லாம் தைத்து, இஸ்திரி போட்டு, பத்துப் பத்தாக அடுக்கி வைத்தேன். அடுக்கைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

மாமல்லபுரத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அக்காவின் வீட்டுக்கார அம்மா தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தார். எனக்கு அவர் பல வருட வாடிக்கை. வாசலில் நின்றபடியே மேசையைப் பார்த்தார்.

"இன்னாடி இது, நம்ப ஊரு மாரி கீது?"

"மாஸ்க்குமா. மாமல்லபுரம் கடைக்கு."

"எனக்கு ஒண்ணு குடு. தோ, அந்த செவப்பு."

"ரயிலு எடுத்துக்கோங்கமா, அது நல்லா இருக்கும்."

"ரயில மூஞ்சில மாட்டிக்கினு நான் எங்க போறது? செவப்ப குடுடி."

கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். கேள்வி என்றாலே எனக்கு ஆகாது. மிச்சமாக ஒரு டீக்கடை மாஸ்க் இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தார்ப்பாய், பாய்லர், அவ்வளவுதான். மடிப்பு கத்தி மாதிரி படிந்திருந்தது. கொடுத்தேன். அந்தக் காலத்தில் கடையில் மாஸ்க்கை யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள், யார் மூச்சு யாருக்குப் போகுமோ என்று பயம். அவரும் புது ஜாக்கெட்டின் மடிப்புக்குள் வைத்து எடுத்துப் போனார்.

மறுநாள் மூட்டையோடு மாமல்லபுரம் போனேன். சாலை வெறிச்சென்று இருந்தது. சிற்பம் செதுக்குகிற பட்டறைகளில் சத்தமே இல்லை. வழக்கமாக உளிச் சத்தத்தில் அமுங்கிப்போகிற கடல் அன்று கடை வரைக்கும் கேட்டது. மேடம் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். ரயில் பிடித்திருந்தது. டீக்கடை அடுக்கை எடுத்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல ஒரு அம்மா இருந்தாங்களே. அவங்களுக்காகத்தான் இந்தப் படத்தையே செலக்ட் பண்ணேன்."

"மடிப்புல போயிடுச்சு மேடம்" என்றேன்.

"பரவாயில்ல. போட்டா தெரிவாங்க."

ஒன்றை எடுத்துக் காதில் மாட்டினார். மூக்குக் கம்பியை அழுத்தி, தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். ஓரத்தில் தையல் பிடித்திருந்ததே தவிர, நடுவில் மூன்று மடிப்பும் விரிந்தன. மேடத்தின் மூக்குக்குக் கீழிருந்து என் அக்கா வெளியே வந்தாள். முதலில் நெற்றி, அப்புறம் சிரிப்பு, அப்புறம் நீலக் கோட்டு, ஆம்புலன்ஸ்.

"பாருங்க. எவ்ளோ அழகு" என்றார் மேடம். அவர் பேசப் பேச அக்காவின் முகம் அசைந்தது.

மடிப்பு எதற்கு வைக்கிறோம்? மூக்குக்கும் தாடைக்கும் இடம் கொடுத்து விரிவதற்கு. தினம் இரண்டு மாஸ்க் மாட்டுகிற எனக்கு அது தெரியாதா? ஆனால் இரண்டு நாளாக நான் பார்த்ததெல்லாம் இஸ்திரி போட்ட அடுக்கு. ஒன்றைக்கூட எந்த முகத்திலும் பார்க்கவில்லை. தைத்ததை என் முகத்தில் வைத்துப் பார்க்கவும் பயம், அடுத்தவர்கள் போடுகிற சாமான் என்று. அவ்வளவு கவலைப்படுகிற எனக்கு இந்த ஒரு கவலை வரவில்லை.

மேடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் செங்கல்பட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

பஸ்ஸில் சீட் விட்டு சீட் உட்கார வைத்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அக்காவின் வீட்டுக்கார அம்மா இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருப்பாரா? போயிருந்தாலும் தன் முகத்தில் இருப்பது அவருக்கே தெரியாது. கண்ணாடி பார்த்தால்? மாஸ்க் போட்ட பிறகு யார் கண்ணாடி பார்க்கிறார்கள்? ஆனால் தெருவில் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். மளிகைக் கடைக்காரர் பார்ப்பார். அக்காவே பார்ப்பாள், குழாயடியில். நேராகப் போய், எலாஸ்டிக் சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு, வேறு கொடுத்துவிட வேண்டும். ரயில் கொடுத்தால் வேண்டாம் என்பார். வாழைத்தார் கொடுக்கலாம்.

இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் அங்கே போனேன். அந்தம்மா வாசலில் இல்லை. பக்கச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். கொடியில் அந்த மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்ததில் இஸ்திரி போய், நடு விரிந்து, காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"வா" என்றார். "இது யாரு?"

"யாரோ டீ குடிக்கிறாங்கமா. படம் தான."

"உங்க அக்கா இல்ல?"

"அக்கா இல்லமா."

இதை நான் சொன்னேன். கூடப் பிறந்தவளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இல்லை என்றேன். அந்தம்மா கொடிக்குக் கிட்டே போகாமல், தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் காட்டினார். துணியில் அந்தச் சுண்டுவிரல் ஈரத்தோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"காலைல இத போட்டுகினு ரேஷன் கடைக்கு போனேன். வரிசைல ஒருத்தி சொல்றா, உங்க வூட்டு பின்னாடி கீதே அந்தம்மா உங்க மூஞ்சில கீதுன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் வெளங்காம சிரிச்சேன். வூட்டுக்கு வந்து தொவச்சி போட்டா, ஆசுபத்திரி கோட்டு."

நான் தலையைக் குனிந்தேன்.

"அவ வேலைய நான் தப்பு சொல்லலடி. யாராச்சும் செய்யணும். ஆனா இந்த கொழாய தொட்ட கைதான நானும் தொடறேன்? எனக்கு சுகரு கீது, பிரஷரு கீது. எம் பையன் தெனம் போன்ல ஜாக்கிரத ஜாக்கிரதன்றான். நீயே சொல்லு, பயம் இருக்காதா?"

இருக்கும். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்ன வார்த்தைதான். சுவர், தட்டு, எட்டு அடி. அவரைத் திட்ட எனக்கு ஒரு வாய் வேண்டும், அந்த வாய் என்னிடம் இல்லை.

"பதினஞ்சி நாளு டைம் தரேன். நானா சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத" என்றார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று மணிக்கு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுண்டுவிரலில் ஆரம்பித்து ரேஷன் கடை வரைக்கும். அக்கா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில்தான் நிமிர்ந்தாள்.

"அந்த கேமரா பொண்ணு நல்ல பொண்ணுடி. அம்மா சிரிங்கன்னுச்சி. எம்புள்ள கல்யாணத்துக்கு அப்பறம் என்ன யாரும் போட்டோ புடிச்சதில்ல. பேப்பர்ல வரும்னு நெனச்சேன்."

"எனக்கு மொதல்லயே சொல்லி இருக்கலாமில்ல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அவள் தட்டை சுவர் மேல் வைத்தாள்.

"வூட்டுக்காரம்மாவ விடு. அது பயந்தது. நீ இன்னாடி பண்ண? எம்மூஞ்சிய மடிச்சியா?"

"உனக்காகத்தான்க்கா."

"நான் இன்னா திருடினனா? டீ தான குடிச்சேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அன்றைக்குத் தட்டைக் கழுவாமல் போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் அக்கா வேலை முடிந்து வீடு தேடினாள். நானும் தேடினேன். எங்கே வேலை என்பதுதான் முதல் கேள்வி. இந்த முறை அக்கா பொய் சொல்ல மாட்டேன் என்றாள். "ஆசுபத்திரி" என்பாள், கதவு மூடும். ஏழெட்டு வீடு அப்படிப் போனது. ஒரு இடத்தில் மாடி அறை தருவதாகச் சொல்லி, மறுநாள் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். பிறகு போனை எடுக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வேன் சாவியை ஆட்டிக்கொண்டே சொன்னார். "நம்ப வூட்ல உள் ரூமு காலியாத்தான கீது. ஊரெல்லாம் தேடிகினு இருக்கீங்க."

அந்த அறை காலியாக இருப்பது எனக்குத் தெரியாதா? முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த அறைக் கதவை நான் மனதில்கூடத் திறக்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்று சுவரோரம் அக்காவிடம் சொன்னேன். "இங்க வந்துடுக்கா."

"எங்க, செவுத்து மேலயா?"

"உள்ள."

"உனுக்கு பயமா இருக்காதா?"

"இருக்கும்" என்றேன். இல்லை என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு பை, ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் குடம். ஒரு ஆட்டோவில் பதினொரு வருடம் வந்து இறங்கியது. வீட்டுக்கார அம்மா வாசல் வரை வந்து நின்றாராம். ஒரு டப்பாவில் ஊறுகாய் கொடுத்தாராம், கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தாராம். அக்கா எடுத்துக்கொண்டாள்.

அக்கா பைகளை உள்ளே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் வெளியே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் தட்டோடு வந்தேன். எட்டு அடி. இரண்டு மாஸ்க்குக்குள் எனக்கு மூச்சு முட்டியது. நடந்து போய்த் தட்டை அவள் கையில் கொடுத்தேன். அந்த மடங்காத விரல் என் கையில் பட்டது.

"கைய கழுவிட்டுத்தான் கீறேன்" என்றாள்.

"தெரியும்க்கா. உள்ள வந்து உக்காந்து துன்னு."

உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, "அந்தப் படத்துல ஒண்ணாவது எனக்குன்னு வெச்சியா?" என்று கேட்டாள். வைக்கவில்லை. அறுபதும் மாமல்லபுரத்தில் இருந்தன. பிறகு ஞாபகம் வந்து துண்டுத் துணி மூட்டையைக் கொட்டித் தேடினேன். கத்தரி இழுத்த அந்த ஒரு கட்டம், மடிப்பு படாமல், கசங்கிக் கிடந்தது. இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். தோள்பட்டையில் இருந்த வெட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இத தெச்சி குடுக்க மாட்டியா?"

தைத்துக் கொடுத்தேன். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். நான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். இரண்டாவது முறையும் கழுவினேன். திரும்பினால் அறைக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

அவள் கண் அசந்த பிறகு எழுந்து போய், சத்தம் வராமல், மூன்றாவது முறை கழுவினேன்.